இருபத்தாறு பவுண்டு

டயர்க்காரர் தூக்கத்திலேயே காற்று அடிக்கிறவர் என்று சொன்னால், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சிரிக்க மாட்டார்கள்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே தகரக் கூரை போட்ட முற்றம். வண்டி நிறுத்த இடமில்லாத பதினோரு பேர் அந்த முற்றத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். சாவிகள் கடைச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும். ஐந்து மணிக்கு டயர்க்காரர் எழுந்து வருவார். எழுந்து வருவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உடம்பு மட்டும்தான் வரும், ஆள் கட்டிலில் கிடப்பார். கம்ப்ரஸரைத் தட்டிவிட்டு, முள்ளை முப்பத்தாறு பவுண்டில் திருகி வைத்து, ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரம் சக்கரமாகக் குந்துவார். வால்வு மூடியைக் கழற்றி உதட்டில் கவ்வுவார். ஹோஸை வைப்பார். முப்பத்தாறு வந்ததும் கம்ப்ரஸர் தானாக டக்கென்று நிற்கும். மூடியைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வார். சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்து, உள்ளே கிடக்கும் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியையும் விட்டுவைக்க மாட்டார். யாரும் கேட்டதில்லை. யாரும் இதற்கென்று கொடுத்ததும் இல்லை. அவருடைய அப்பா செய்தார், இவர் முப்பத்தெட்டு வருஷமாகச் செய்கிறார். ஐந்தே முக்காலுக்கு டீ முதல் வாய் உள்ளே இறங்கும்போதுதான் கண் திறக்கும். நடுவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

ஒருமுறை யாரோ ஒரு குழந்தையின் நீச்சல் வளையத்தை முற்றத்தில் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கும் முப்பத்தாறு வைத்தார். அது வெடித்த சத்தத்தில், பத்து வருஷமாகச் செவிடாக இருந்த எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டது. அவருடைய மருமகள் அன்றிலிருந்து டயர்க்காரரோடு பேசுவதில்லை.

விழித்திருக்கும் நேரத்தில் அவர் கெட்டிக்காரர். தேய்ந்த டயரைக் கையால் ஒரு தடவு தடவினால் போதும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, ஓட்டுகிறவர் எந்தக் கையால் சிகரெட் பிடிக்கிறார், வீட்டில் சண்டை நடந்து எத்தனை நாளாகிறது, எல்லாம் சொல்லிவிடுவார். அவர் வீட்டுச் சண்டையை மட்டும் அவர் டயரில் படிக்க வேண்டியிருக்கவில்லை. அது காலையில் ரொட்டி வெட்டுகிற சத்தத்திலேயே கேட்கும்.

அவர் மனைவியைத் தெருவே ‘நாற்பது’ என்றுதான் சொல்லும். வயதல்ல. வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அந்த முப்பது வருஷத்தில் வேக முள் நாற்பதைத் தாண்டியதே கிடையாது. முதல் நிறுத்தத்தில் ஏறிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் ஒரு பல் விழுந்து இன்னொன்று முளைத்துவிடும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து அடித்து, அலுத்துப்போய், இறங்கி டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் அவள் பின்னாலேயே சேர்ந்துகொள்வார்கள். ஓய்வு கொடுத்த அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். பிள்ளைகளைச் சாலை தாண்டவிடும்போது அவள் நீட்டிப் பிடிக்கும் சிவப்பு ‘நில்’ பலகையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். மறுவாரம் நான்கு கை மாறிய ஒரு சின்னச் சிவப்புக் கார் முற்றத்துக்கு வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணவில்லை. சாயங்காலம் நெற்றியில் ஹெல்மெட் அழுந்திய தடத்தோடு வந்து சேர்ந்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் திடல் இருக்கிறது. விமானம் இறங்குவதை நிறுத்தி இருபது வருஷம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு யாரோ சிலர் அதில் வளைவுகள் குறித்து வைத்து, காரும் ஹெல்மெட்டும் உள்ளவர் யார் வேண்டுமானாலும் வந்து கட்டணம் கட்டி ஓட்டலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இருபது நிமிஷம் ஓட்டம், நாற்பது நிமிஷம் ஓய்வு, சாயங்காலம் வரைக்கும் இப்படியே.

“பரிசு உண்டா?” என்று டயர்க்காரர் கேட்டார்.

“கெடையாது.”

“பந்தயமாவது உண்டா?”

“அதுவும் கெடையாது. யாரும் யாரையும் ஜெயிக்க வேணாம்.”

“அப்ப சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத் திரும்பி வர்றதுக்கு எதுக்குடி போற?”

“முப்பது வருஷம் அதத்தான பண்ணேன்? அப்பல்லாம் பின்னாடி அம்பது பேரு வாந்தி எடுத்தாங்க. இப்ப யாரும் எடுக்கல.”

அவருக்கு அது பொறுக்கவில்லை. வேகத்தைக்கூட மன்னித்திருப்பார். டயரை மன்னிக்க முடியவில்லை. டயர் என்பது ஐந்து வருஷம் உழைக்கிற சாமான். அதை வளைவில் தேய்த்து ஒரே ஞாயிற்றில் ஒரு வருஷத்தைக் கரைப்பதைப் பார்ப்பது, சமைத்த சோற்றைக் குப்பையில் கொட்டுவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது அவருக்கு. முதல் செட்டைக் கடையில் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வேறு கடைக்கு அவள் தம்பி கூட்டிப்போனான். தம்பிக்குத் தராசு ரிப்பேர் தொழில். கடை கடையாகப் போய் எடைத் தராசுகளைச் சரிபார்த்து, ஈய முத்திரை வைத்து, அடுத்த வருஷம் வருகிறவன். ஒரு குண்டூசி கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து, அக்காவின் வண்டிச் சக்கரங்களில் இருபத்தாறு பவுண்டுக்குக் காற்றை இறக்கி வைத்துவிட்டுப் போவான். ஓடி ஓடிச் சூடானால் உள்ளே காற்று விரிந்து தானாக முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றுக்கு ஏறும், அதுதான் பிடிக்கு நல்லது என்று திடலில் சொல்லியிருந்தார்கள். முத்திரை வைத்த தராசை யாராவது மறுநாள் போய்ப் பார்ப்பார்களா? அவனும் பார்ப்பதில்லை.

அவன் வாங்கிக் கொடுத்த முதல் செட்டு மெத்தென்ற ரப்பர். புதிதில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும். மூன்றாவது ஞாயிறு முடிந்து வந்தபோது மொட்டை. வெளியில் வாங்கிய டயரைத் தன் கண்ணால் பார்ப்பதில்லை என்று டயர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலாலேயே உருட்டி மூலையில் தள்ளினார்.

இரண்டாவது செட்டு அவரே கொடுத்தது. வாடகைக் கார்களுக்குப் போடுகிற ரகம், கல்லு மாதிரி. “இது உன் பேரப்பிள்ளை கல்யாணத்துக்கும் ஓடும்” என்றார். இரண்டாவது ஞாயிறு அது வளைவில் அழுதுகொண்டே வழுக்கி, வண்டியைக் கொண்டுபோய்ப் புல்லில் விட்டது. திடலில் கொடி பிடிக்கிறவர் அன்றைக்கு முழுக்க அவளை ஓட்ட விடவில்லை. பம்பரில் புல் செருகியிருந்த வண்டி சாயங்காலம் முற்றத்துக்குள் வந்ததை, தெருவில் பதினேழு பேர் பார்த்தார்கள். டயர்க்காரர் எண்ணினார்.

“மாடு மேஞ்சிட்டு வந்த மாதிரி வந்திருக்க” என்றார்.

“மாட்டுக்குக் கூட உங்க டயரப் போடாதீங்க. வழுக்கி விழுந்துடும்.”

அன்று சாப்பாட்டு மேஜையில் வேகவைத்த முட்டைகளை அவள் ஒவ்வொன்றாக மேஜை விளிம்பில் தட்டி உடைத்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் இமை துடித்தது. நான்காவது முட்டையில்தான் அவர் வாயைத் திறந்தார்.

“கேட்டுக்க. இன்னும் ஒரே ஒரு செட்டு. ஆறு ஞாயிறு தாங்கணும். தாங்கலன்னா ஏழாவது ஆணியில தொங்குற உன் சாவிய நீ தொடக்கூடாது. வண்டி கடைக்கு. டயர் எடுத்துட்டுப் போய்க் குடுக்கறதுக்கு ஆகும்.”

“தாங்கிச்சுன்னா?”

“தாங்காது.”

“தாங்கிச்சுன்னான்னு கேட்டேன்.”

அவர் முட்டையைப் பார்த்தார். “தாங்கிச்சுன்னா அந்தத் திடலுக்கு வந்து, என் கையால உனக்கு ஜாக்கி போடறேன்.”

“தம்பி, கேட்டியாடா?”

தராசுக்காரன் ரொட்டியை மென்றுகொண்டே, “முத்திர வெச்சாச்சு அக்கா” என்றான்.

மறுநாள் மழை. தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி கொட்டியது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் இரண்டு பேர் நனையாமல் இருக்கக் கடைக்குள் நின்றார்கள். சண்டையைக் கேட்டதும் மழை விட்ட பிறகும் நின்றார்கள்.

“சொல்லு. எது வேணும்?” என்றார் டயர்க்காரர். மூன்று ரகத்தை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்தியிருந்தார். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். எண் சின்னதென்றால் ரப்பர் மெத்து, நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் போகும். எண் பெரிதென்றால் கெட்டி, நாள்பட உழைக்கும், வழுக்கும். “இது நூறு. ஒன் தம்பி வாங்கினானே, அந்த ஜாதி. தேனாட்டம் ஒட்டும், தேனாட்டமே தீந்துடும். இது நானூறு, போன தடவ போட்டது.”

“புல்லு தின்ன வெச்சது.”

“ஓட்டத் தெரியாதவளுக்கு எந்த டயரும் புல்லுதான்.”

“மாமா, அக்காவ அப்படிப் பேசாதீங்க” என்றான் தராசுக்காரன்.

“நீ குண்டூசிய நிறுக்கறவன். ஒதுங்கி நில்லுய்யா மச்சான்.”

“நிறுக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல. நிறுக்காம பேசறதுதான் கேவலம்.”

பஞ்சருக்கு வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டயர்க்காரர் திரும்பிப் பார்த்ததும், இருமினார்.

நாற்பது இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பழைய பஸ் நடைச்சீட்டு ஒன்றை மடியிலிருந்து எடுத்தாள். பின்பக்கம் அவள் கையெழுத்து வரிவரியாக இருந்தது.

“இருநூறு. இந்தக் கம்பெனி, இந்தப் பேரு, இந்த அகலம். இதுல நாலு.”

டயர்க்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பெயர் அவர் கடையில் மேல்தட்டில் தூசியோடு கிடந்தது. மலிவு. யாரும் கேட்பதில்லை.

“இத யாரு சொன்னா? வேகமா ஓட்டற எவனாவது சொன்னானா?”

“வேகமாப் போறவன் டயர நான் பாக்கவே இல்ல. அவனுக்கு மாமனார் வாங்கித் தருவாரு. திடல்ல ஒரு பேங்க் குமாஸ்தா வர்றாரு. கஞ்சன். ரொட்டிக்கு நடுவுல ரொட்டியையே வெச்சு எடுத்துட்டு வர்றவரு. புல்லுல உக்காந்து அவரு டயரத்தான் பாத்தேன். பதினோரு ஞாயிறா அதே செட்டு. எனக்கு மூணு வளைவு முன்னாடி போறாரு, பதினோராவது ஞாயிறுலயும்.”

டயர்க்காரர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் அவர் கடையில் இத்தனை ஒழுங்காக டயர் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லோரும் பளபளப்பைப் பார்த்து வாங்குவார்கள். பாராட்ட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

“பக்கச்சுவரு அழுத்தமாத்தான் இருக்கும்” என்றார் டயரைப் பார்த்து, மனைவியைப் பார்க்காமல். “சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரப்பர் வெறைக்கும். ஒரு ஓட்டம் முடிஞ்சதும் ஒடனே நிறுத்திடாத. ஒரு சுத்து மெதுவா வந்து ஆறவிட்டு நிறுத்து.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. வெளியாளுக்கு என்ன வெலையோ அதான் உனக்கும்.”

“உள்ளாள் வெல கேட்டனா?”

பூட்டிக் கொடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பகை தெரியாது. நான்கு சக்கரத்தையும் சுற்றவிட்டு, சமநிலைக்கு ஈயக் கட்டி ஒட்டி, கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் இறக்கினார்.

முதல் ஞாயிறு போயிற்று. இரண்டாவது ஞாயிறு போயிற்று. பிறகு வெயில் காலம் வந்தது. தார்ச் சாலை இளகி செருப்பைப் பிடித்துக்கொண்டது. கடையில் வெடித்த டயர்களாக வந்து குவிந்தன. டயர்க்காரர் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தார். ஒரு புதன்கிழமை மனைவி வெளியே போயிருந்த சமயம், போகிறபோக்கில் சிவப்புக் காரின் முன்சக்கரத்தைக் கையால் ஒரு தடவு தடவினார். தடவிய கை நின்றது.

ஓரங்கள் புதிது மாதிரி இருந்தன. நடுவில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பின்சக்கரத்தையும் தடவினார். அதிலும் அப்படித்தான். பஞ்சர் கடைக்கு வேலை கற்க வருகிறவன் முதல் நாளே தெரிந்துகொள்கிற பாடம் இது. காற்று குறைந்தால் ஓரம் தேயும், காற்று கூடினால் நடு தேயும்.

அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆறு ஞாயிறு தாங்காது. சாவி தனக்குத்தான். ஈரத்துணியை இன்னும் கொஞ்சம் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சாயங்காலம் மச்சான் வரும்வரை காத்திருந்தார்.

“வாய்யா, முத்திரை. இருபத்தாறுன்னு எதப் பாத்துய்யா வெக்கிற? கடிகாரத்தப் பாத்தா?”

“என்ன மாமா?”

“நடுவுல மொட்டையாவுது. காத்து அதிகம். குருட்டுப் பயலுக்கு மீட்டர் ஒரு கேடு.”

தராசுக்காரனின் முகம் வெளுத்தது. அவன் தாயைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அவனுடைய மீட்டரைத் திட்டிவிட்டார். பெட்டியைத் திறந்தான். பட்டுத் துணியிலிருந்து மீட்டரை எடுத்தான். “உங்க மீட்டரக் கொண்டு வாங்க.” இரண்டையும் ஒரே சக்கரத்தில் மாற்றி மாற்றி வைத்தான். இரண்டும் முப்பத்தாறு காட்டின.

“பாத்தியா? முப்பத்தாறு!”

“இன்னிக்கு புதன், மாமா. நான் வெக்கறது சனிக்கிழம. எம் மீட்டரும் ஒங்க மீட்டரும் ஒண்ணு. அப்ப பொய்யி மீட்டர்ல இல்ல.”

“அப்ப உன் கண்ணுல.”

“எங் கண்ணு மேல கைய வெச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டுப் பெரியவர், காதுதான் இப்போது நன்றாகக் கேட்கிறதே, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு நாற்பது மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். காரை முற்றத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கினாள். டயர்க்காரர் ஒரு வேன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தராசுக்காரன் பின்னால் இறங்கினான். அவன் இறங்கிய விதம் நல்லதாக இல்லை.

“ஒங்கள ஒண்ணு கேக்கணும்” என்றாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“கழட்டிட்டுக் கேளு. கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு.”

கழற்றினாள். முடி வியர்வையில் தலையோடு ஒட்டியிருந்தது. “இன்னிக்கு அந்தப் பேங்க் குமாஸ்தா அவரு மீட்டர எடுத்து வெச்சுப் பாத்தாரு. ஓடி நின்ன ஒடனே நாப்பத்திநாலு. ‘நீங்க ஓட்டறீங்களாம்மா, பலூன்ல பறக்கறீங்களா’ன்னு கேட்டாரு. சனிக்கிழம சாயங்காலம் இருபத்தாறு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். காலைல ஆறு மணிக்கு நான் சாவி எடுக்கறேன். நடுவுல அந்த வண்டி எங்க இருந்துச்சு?”

“முத்தத்துல.”

“முத்தத்துல. டயருலேருந்து காத்தத் திருடிட்டுப் போறவன நான் பாத்திருக்கேன். நல்ல டயர்ல பத்துப் பவுண்டு காத்த ஏத்திட்டுப் போற திருடன் ஊர்லயே ஒரு வீட்டுலதான் இருக்கான்.”

டயர்க்காரர் வாயைத் திறந்தார். ‘நானா?’ என்று கேட்கத்தான் திறந்தார். அதற்குள் வலது கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. தோளில் ஹோஸின் கனம், உதட்டில் மூடியின் ரப்பர் ருசி, டக் என்ற சத்தம். பதினோரு வண்டிகளோடு பன்னிரண்டாவதாக ஒரு சிவப்பு வண்டி. முதல் செட்டுக்கும் அப்படித்தான். கல்லு மாதிரி என்று அவரே கொடுத்த இரண்டாவது செட்டு வழுக்கியதும் அதனால்தான். காலால் தள்ளினாரே, அந்த மெத்து டயரை அன்று ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வேன் சக்கரம் கையிலிருந்து நழுவி, முற்றத்தைத் தாண்டி, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு வாசற்படியில் போய் முட்டி நின்றது. பெரியவர் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். கதை முக்கியமான இடத்தில் இருந்தது.

டயர்க்காரர் முன் இரண்டே வழி. தூக்கத்தில் செய்தேன், எனக்கே தெரியாது, மூன்று செட்டுக்கு நான்தான் எமன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், தன் வீட்டு முற்றத்தில் தன் கையால் கெடுத்த டயரைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று இந்தத் தெரு முப்பது வருஷம் சிரிக்கும். மச்சான் முதலில் சிரிப்பான். இன்னொரு வழியும் இருந்தது.

“ஆமா” என்றார். “வேணும்னுதான் பண்ணேன்.”

தராசுக்காரன் முன்னால் வந்தான். நாற்பது கையைக் குறுக்கே நீட்டினாள், பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி.

“வேணும்னா?”

“வேணும்னுதான். நீ தோக்கணும்னு.”

அவள் ஹெல்மெட்டைக் காரின் மேல் வைத்தாள். அப்புறம் காரின் பின்கதவைத் திறந்தாள். தம்பியின் மீட்டரை வாங்கி உள்ளே எதையோ பார்த்தாள். மூடினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சரி” என்றாள். “மூணு ஞாயிறு முடிஞ்சுது. இன்னும் மூணு இருக்கு. பேச்சு பேச்சுதான். இந்த டயர் தாங்கும். இனிமே என் வண்டியத் தொட்டா கைய ஒடிச்சுடுவேன்.”

“எனக்கென்ன தலையெழுத்தா?”

அன்று முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. ரொட்டி வெட்டப்பட்டது, முட்டை உடைக்கப்பட்டது, சூப் கிண்ணம் மேஜையில் சற்றே பலமாக வைக்கப்பட்டது. ஏழாவது ஆணி காலியாக இருந்தது. சாவி அவள் தலையணைக்கு அடியில் தூங்கியது. ராத்திரியில் சிவப்புக் காரின் முன்னால் பள்ளிக்கூடத்து ‘நில்’ பலகையை நட்டு வைத்தாள்.

டயர்க்காரர் பட்ட பாட்டைச் சொன்னால் நம்புவது கஷ்டம். வலது கையைக் கட்டில் காலோடு துண்டால் கட்டிக்கொண்டு படுத்தார். ஐந்து மணிக்குக் கை கட்டிலையே இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. ஒருநாள் கண் விழித்தபோது ‘நில்’ பலகைக்கு முன்னால், ஹோஸைப் பிடித்துக்கொண்டு, சாலை தாண்டக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றிருந்தார். சமையலறை ஜன்னலில் டீக் கோப்பையோடு அவள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு மற்ற வண்டிகள் பக்கம் கௌரவமாகத் திரும்பி நடந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஐந்து மணிக்கு விழித்திருந்தார். விழித்துக்கொண்டு பதினோரு வண்டிக்குக் காற்று அடிப்பது எத்தனை அலுப்பான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காவது ஞாயிறும் ஐந்தாவது ஞாயிறும் போயின. அவர் சக்கரத்தைத் தொடவில்லை. ஆனால் செருப்பு வார் அறுந்த மாதிரி அடிக்கடி காரின் அருகே குனிந்தார். நடு மேலும் மோசமாகவில்லை. ஓரம் இப்போது சீராகத் தேய்ந்து வந்து நடுவோடு சேர்ந்தது. இருபத்தாறில் இந்த டயர் இப்படித்தான் உழைக்கும். தூசி படிந்து மேல்தட்டில் கிடந்த மலிவுச் சரக்கு. கடையில் யாரோ ஒருவர் அதை விலை கேட்டபோது, “நல்ல டயரு” என்று சொல்லிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆறாவது ஞாயிறு அவள் காரில் ஏறி, பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். வா என்று சொல்லவில்லை. அவர் ஜாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். தராசுக்காரன் பின்னால் உட்கார்ந்து, மீட்டர் பெட்டியைப் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டான். திடல் வரைக்கும் அவள் நாற்பதிலேயே ஓட்டினாள்.

திடலில் நிழலே இல்லை. காற்று ரப்பர் நாற்றத்தோடு வீசியது. முதல் ஓட்டத்தில் சிவப்புக் கார் போய் வளைவில் திரும்பியபோது டயர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டார். வழுக்குகிற அழுகை இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் மட்டும். அது ரப்பர் தரையைப் பிடித்திருக்கிற சத்தம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் கடைசி ஓட்டத்துக்கு முன் அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கொடிக்காரர் குனிந்து டயரைப் பார்த்தார். பட்டன், தரையைப் பிடிக்கிற அந்த மேடுபள்ளம், மெல்லிசாக, ஆனால் இருந்தது. “இன்னும் ரெண்டு மாசம் வரும்மா” என்றார்.

அவள் காரைவிட்டு இறங்காமல், ஜன்னல் வழியே, “ஜாக்கி” என்றாள்.

டயர்க்காரர் ஜாக்கி போட்டார். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். இறக்கினார். மச்சான் மீட்டர் வைத்தான். “முப்பத்தஞ்சு. ரெண்டு கூட இருக்கு மாமா. எறக்கணும்.”

நல்ல டயரிலிருந்து அவர் ஒருநாளும் காற்றை இறக்கியதில்லை. மூடிகளைக் கழற்றினார். ஆணி நுனியால் வால்வை அழுத்தினார். சூடான காற்று அவர் விரலில் சீறியது.

“அன்னிக்கு வேணும்னுதான் பண்ணேன்னு சொன்னீங்கல்ல?” என்றாள் அவள், தலைக்கு மேலிருந்து.

“ஆமா.”

“ஸ்டெப்னியிலயும் முப்பத்தாறு இருந்துச்சு.”

அவர் விரல் வால்விலிருந்து விலகியது.

“கெடுக்கணும்னு வந்தவன் ஸ்டெப்னிக்கு எதுக்கு அடிக்கிறான்? அன்னிக்கே தொறந்து பாத்தேன்.”

“அன்னிக்கேவா? அப்புறம் ஏன்டி மூணு மாசம் பேசாம இருந்த?”

“எதிரின்னா பேசாம இருக்கலாம். அசடுன்னா சிரிக்கணும். எனக்குச் சிரிக்கிற மாதிரி இல்ல. மூணு செட்டு டயரு.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “மிச்சம் மூணு சக்கரத்துலயும் எறக்குங்க.”

இறக்கினார். பின்னால் மச்சான் இருமுகிற சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை. கொடி இறங்கியது. சிவப்புக் கார் சீறிக்கொண்டு போய், முதல் வளைவை நாற்பதுக்கு இரண்டு மடங்கில் வளைத்துத் திரும்பியது.

கொடிக்காரர் டயர்க்காரரின் பக்கம் வந்து, அவர் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார். நான்கு வால்வு மூடிகளும் அதில் கிடந்தன.

“என்ன பெரியவரே, மூடி போடாம அனுப்பிட்டீங்களா?”

டயர்க்காரர் கையை மூடிக்கொண்டார்.

“வேணும்னுதான்” என்றார்.